அக்காவின் குழாயில் உடையாத மூலக்கூறுகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே கதை. என் கணினிக் கணக்கில் லேசர் பட்டதும் நூற்றுக்கு நாற்பது மூலக்கூறுகள் இரண்டாக உடைகின்றன. அதே லேசர், அதே மூலக்கூறு, கீழ்த்தளத்தில் அக்காவின் ஆய்வறையில், அவள் மூலக்கூறுகளை அடைத்துவைத்த குழாய்க்குள் ஒன்றுகூட உடைய மாட்டேன் என்கிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் கணக்குல உடையுது, என் குழாயில உடையலடி. ரெண்டுல ஒண்ணு பொய்."

என்னுடையது பொய்யாக இருக்க வழியில்லை. அணுக்கள் இரண்டு குண்டுகள், நடுவில் உள்ள பிணைப்பு ஒரு சுருள்வில். பழைய நியூட்டன் கணக்கு. இதில் எங்கே பொய் நுழையும்?

மார்ச் 5, வியாழன்

எங்கள் குழுத் தலைவர் கூட்டத்தில் என் வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். அக்காவிடம், "லேசரத் திருப்புற கண்ணாடியெல்லாம் இன்னொரு தடவ தொடச்சுப் பாருங்க" என்றார். மாத முடிவுக்குள் உடைந்த துண்டுகள் தெரியாவிட்டால் அவளுடைய லேசர் மேசை பக்கத்துக் குழுவுக்குப் போய்விடுமாம். அவள் அதை ஒவ்வொரு திருகாக முடுக்கிக் கட்டியவள். என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். நான் என்ன செய்வேன்? வேண்டுமென்றா செய்கிறேன்?

மார்ச் 9, திங்கள்

கணக்கில் லேசரின் வலிமையைப் பாதியாக்கினேன். உடைவது குறையவில்லை. கால்வாசியாக்கினேன். அப்படியே இருக்கிறது. தலை சுற்றுகிறது.

தலைவரோ, "இதுதாம்மா புதுசு, கட்டுரையா எழுதுங்க" என்கிறார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பழுது எங்கே என்று தேட, அக்கா குழாயை மொத்தமாகக் கழற்றிவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "எனக்குத்தான் கை வரலையோ என்னவோ" என்றாள். வீட்டில் எது பழுதானாலும் நிமிடத்தில் சரிசெய்கிறவள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 14, சனி

கடுப்பில் லேசரின் வலிமைக்குப் பூஜ்ஜியம் போட்டு ஓட்டினேன். வெளிச்சமே இல்லை.

நாற்பது உடைந்தன.

மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் நாற்பது. லேசர் இல்லாம எப்படி உடையுது? யாரு உடைக்கிறா?

நான்தான். கணினி காலத்தைக் குட்டிக் குட்டி அடிகளாக எடுத்துவைத்து நடக்கும். ஜனவரியில், ஒரு கூட்டத்துக்கு முன்னால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அடியை அகலமாக்கினேன். திரும்பக் குறைக்க மறந்தே போனேன். அடிக்கு அடி நேர்ந்த சிறு பிழை, எங்கிருந்தோ வந்த ஆற்றலாகச் சேர்ந்து சுருள்வில்லை அறுத்திருக்கிறது. வெளிச்சமில்லாமல் ஓட்டிப் பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. லேசர் இல்லாமல் எது உடையப்போகிறது என்ற தெனாவட்டு.

அடியைக் குறைத்து, லேசரோடு ஓட்டினேன். ஒன்றும் உடையவில்லை. அக்காவின் குழாய் மாதிரியே.

மார்ச் 16, திங்கள்

முதலில் தலைவரிடம் சொல்வதா, அக்காவிடமா? கட்டுரை போச்சு, மானமும் போச்சு. படிக்கட்டில் குழம்பி நின்றேன். கால் தானாகக் கீழ்த்தளத்துக்குப் போனது.

நான் எல்லாவற்றையும் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணாடிய சந்தேகப்பட்டேன், சரி. என்னையே சந்தேகப்பட வச்சுட்டியேடி." அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்தது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வா, மேல போய் நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

மேசை போகவில்லை. தலைவர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லேசர் பல மடங்கு வலுவாக இருந்தால்தான் உடையும் என்கிறது திருத்திய கணக்கு. அக்கா அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.

இன்று தொடங்குமுன் லேசரின் பாதையை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மொதல்ல வெளிச்சமில்லாம பாப்போம். நீயும் கூட இரு."

துண்டுகளை எண்ணும் கருவி பூஜ்ஜியத்திலேயே நின்றது. ஒன்றும் உடையவில்லை. ஒரே முக்காலியில் ஒட்டி உட்கார்ந்து, இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.