ஏழு பேரைத் தாங்கும் விடுப்புக் கடிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எழுதும் கை மட்டும் உன் தம்பியுடையது. சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவின் வலது மணிக்கட்டு, மாவுக்கட்டுக்குள் ஒரு மாத மருத்துவ விடுப்பில் இருக்கிறது. மற்றபடி நாங்கள் ரெண்டு பேரும் மூன்று கையோடு நலம், நீ உன் இரண்டு கையோடும் நலமாக இருக்கணும். ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே, காய்ந்த ரொட்டியைக் கடித்துவிட்டுச் சாப்பிட்டாச்சு என்று புளுகாதே. இதெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது, இனி வருவது என் வீரவரலாறு.

அம்மா லிஃப்ட் பரிசோதகர், சான்றிதழில் பேனாவால் கிறுக்குவதில்லை, கம்ப்யூட்டரில் ஒரு குச்சியைச் செருகி ஆறு இலக்க ரகசிய எண்ணைத் தட்டித்தான் கையெழுத்து என்பது உனக்கே தெரியும். பேனாக் கையெழுத்துக்கு உள்ள அதே மரியாதை சட்டத்தில் அதுக்கும் உண்டு. நான் போடலைன்னு பின்னாடி மழுப்ப முடியாது, போட்ட பிறகு ஒரு காற்புள்ளியை மாத்தினாலும் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துடும். அப்பேர்ப்பட்ட கோட்டைக்குள்தான் உன் தம்பி நுழைந்தான். செவ்வாய்க்கிழமை அம்மா கட்டு மாற்றப் போன நேரம் பார்த்து, என் மகனுக்குக் கடும் காய்ச்சல் என்று ஒரு விடுப்புக் கடிதம் அடித்து, அம்மாவின் கையெழுத்தைப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். ரகசிய எண்ணை எப்படிடா உடைச்சேன்னு வகுப்பில் கேட்காத ஆளில்லை. தொழில் ரகசியம் என்று சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு சின்னச் சறுக்கல். கையெழுத்தோடு சேர்ந்து அம்மாவின் முத்திரையும் தானாக விழுந்து தொலைத்தது: சோதிக்கப்பட்டது, ஏழு பேரைத் தாங்கும், அடுத்த ஆய்வு வரை பயன்படுத்தலாம். வகுப்பாசிரியர் சரிபார்த்தால், கையெழுத்து அசல் என்று பச்சை டிக் வேறு. ஏழு பேரைத் தாங்குறவனுக்கு ஒரு காய்ச்சலைத் தாங்க முடியலையான்னு அம்மாவுக்கே போன் போட்டுட்டார். இடது கையால் அடித்தால் குறி தப்பும் என்பதால் பிழைத்தேன். ஆனால் அம்மா அன்றைக்கே, தன் கையெழுத்தை வேறொருத்தர் போட்டாச்சுன்னு அதைக் கொடுத்த அலுவலகத்துக்குத் தானே சொல்லிட்டாங்க. அவர்கள் அதை முடக்கிவிட்டார்கள். எண் திருடப்பட்டதா, அம்மாவே கொடுத்ததா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். திருட்டு என்றால் புதுக் குச்சி வரும், கொடுத்தது என்றால் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடும் உரிமம் இல்லை.

நீ நல்லா இருக்கணும், வேலையில் நல்ல பேர் எடுக்கணும் என்று அம்மாவின் ஆசி. மறக்காமல் ஞாயிறன்று போன் பண்ணு. எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லாதே, கூடப்பிறந்தவனிடம் சொல்லவே சொல்லாதே என்றும் எழுதச் சொன்னாங்க.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைவாக,
அம்மா
(இடது கையால் போட்டது, நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தாலும் செல்லும்)

அக்கா, கவரை ஒட்டும் முன் ஒண்ணு. நான் எதையும் உடைக்கலை. அடிபட்ட மறுநாள் ஒரு மருத்துவமனை லிஃப்டுக்கு அவசரமாகச் சான்றிதழ் வேணும்னு கேட்டப்போ, அம்மாவே என்னைத் தட்டச் சொல்லி ஆறு எண்ணையும் ஒவ்வொண்ணா சொன்னாங்க. உன்கிட்ட சொல்றதுக்கு என்னடான்னாங்க. அந்த விளக்கத்தையும் நான்தான் எழுதணும்; திருட்டுன்னே எழுதிடலாம்மா, பழி எனக்குத்தானேன்னு கெஞ்சிப் பார்த்தேன், கேட்கலை. கொடுத்தேன்னே எழுதுன்னுட்டாங்க. மூணு தாளைக் கிழிச்சாச்சு, இன்னும் அந்த வார்த்தைக்கு வந்து சேரலை.