பட்டியலில் இல்லாத கேமரா

அன்புள்ள அம்மாவுக்கு, மலரின் ஸ்தோத்திரம். தம்பானூர் விடுதியில் சுகமாக இருக்கிறேன். உன் கால்வீக்கம் வடிந்துவிட்டதா?

ஞாயிறன்று வீடியோ அழைப்பில் உன்னை நான் பார்த்தேன். உனக்குத்தான் நான் தெரியவில்லை. ‘எங்கே நீ?’ என்று கையசைத்துக் கேட்டாயே, உனக்குக் காது கேட்காது என்பதையும் மறந்து “அம்மா!” என்று கத்திவிட்டேன்.

லேப்டாப்பின் கருவிப் பட்டியலில் கேமராவின் பெயரே இல்லை. தன்னிடமே இருப்பதை அது எப்படி அறியாமல் போகும்? மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்தேன். மலையாளி அறைத்தோழி சபீனாதான், “எடி, சைடில ஒரு குட்டி சுவிட்ச் உண்டல்லோ, நோக்கினியா?” என்றாள். அது கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடுமாம்! பையில் வைக்கும்போது நகர்ந்திருக்கிறது. தள்ளியதும் பெயர் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு ஜன்னலோரம் உட்கார், அம்மா. உன் விரல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே என்னோடு கையால் பேச யாருமில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்,
ஜெபமலர்