மைனருக்குப் பக்கத்தில்

திருநகர், மதுரை
24.11.2002

அன்புள்ள முத்துமீனாவுக்கு,

உன் தோழி சீதாலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டெல்லிக் குளிரில் ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் அலைகிற உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதென்று திட்டாதே. இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் முன்னமே போய்விட்டது. மிச்சத்துக்குள்தான் நான் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் தீபாவளி முடிந்து வந்து சேர்ந்தது. அம்மா ஞானஸ்நானம் வாங்கப் போகிறார் என்று தம்பி பாண்டிராஜ் போனில் சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தாய். நான்தான் சட்டம் சட்டம் என்று திரிகிறவளாம், புதுச் சட்டத்தைச் சொல்லி உன் அம்மாவைக் கொஞ்சம் பயமுறுத்தி வைக்க வேண்டுமாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மீனா. மறைக்க மாட்டேன். எந்தக் காரியத்துக்கு இந்தச் சட்டம் பயன்படும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதை என்னையே செய்யச் சொல்கிறாய்.

என் வேலை உனக்குத் தெரியும். சனிக்கிழமையானால் சிம்மக்கல் நூலகத்தில் அரசிதழைப் புரட்டுவேன். என்ன மசோதா வந்தது, எந்த விதி மாறியது, அது யாருடைய பேச்சிலும் நம்பிக்கையிலும் கை வைக்கிறது என்று பார்த்து, எங்கள் பெண்கள் சங்கத்துக்காகப் புரிகிற தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டு அனுப்புவேன். மற்றவர்கள் வீட்டில் பெண்கள் சேலையில் பார்டர் பார்க்கிறார்கள், தன் வீட்டில் மட்டும் சட்டத்தில் உட்பிரிவு பார்க்கிறாள் என்று என் வீட்டுக்காரர் பத்ரிநாத் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, அந்த மாதம் முடிவதற்குள் சட்டசபையிலும் நிறைவேறிவிட்டது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ ஒருவரை மதம் மாற்றினால் மூன்று வருடம் வரை சிறை. மாற்றப்பட்டவர் மைனராகவோ, பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்டவராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு வருடம் வரை. சடங்கு செய்து வைப்பவர் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நம் வீட்டில் யார் மாறப் போகிறார்கள், நமக்கென்ன என்றார் பத்ரிநாத். நான்கு வருடம் என்கிற அந்த வரியை மட்டும் நான் வாசித்துக் காட்டினேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் நீயும் அதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்கப்புறம் கேலியைக் காணோம்.

போன ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். பயமுறுத்துவதற்கு அல்ல. சட்டத்தில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு வருவதற்கு. அம்மா கொஞ்சம் இளைத்திருக்கிறார், ஆனால் குரல் அதே கணீர்தான். எனக்குக் கருவாட்டு வாசம் ஆகாது என்று ஞாபகம் வைத்து, தனியாகக் கத்திரிக்காய் வதக்கி வைத்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த வரியைச் சொன்னேன். மைனர் என்றதுமே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு முதலில் விளங்கவில்லை. உங்கள் ஊர் மைனர்தான் அவர் மனதில் வந்து நின்றிருக்கிறார். சில்க் ஜிப்பா, கழுத்தில் புலிநகச் சங்கிலி, புல்லட் வண்டி. உன் அப்பா ஆண்டிச்சாமி காலமெல்லாம் கூலிக்குப் போன காட்டுக்குச் சொந்தக்காரர். "அந்த மைனருக்குப் பக்கத்துலயா எங்கள உக்கார வச்சிருக்காக? எம்புட்டுப் பெரிய மனசு," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த மனிதர் இருக்கிற தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர் அல்லவா அம்மா.

அந்த மைனர் இல்லை, சட்டத்தில் மைனர் என்றால் சொந்தமாக முடிவெடுக்கிற வயசு வராத சின்னப் பிள்ளை என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அடுத்த நொடியே தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஏழு வயசுல அந்த ஆளு காட்டுல களையெடுத்தேன் தாயி. அப்ப ஒருத்தரும் என்னைச் சின்னப் புள்ளைன்னு சொல்லல. பேரன் பேத்தி எடுக்குற வயசுல சொல்றாக."



ஜெயில் உங்களுக்கு இல்லை, ஞானஸ்நானம் கொடுக்கிற போதகருக்குத்தான் வரலாம் என்பதையும் சொன்னேன். போதகர் ஏற்கெனவே கலங்கித்தான் போயிருக்கிறார், கொஞ்சம் பொறுப்போம் என்கிறாராம். அப்பா இறந்த பிறகு அம்மா காய்ச்சலில் கிடந்தபோது போதகரின் மனைவிதான் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்தக் கஞ்சியும் ஆசை காட்டியதில் சேருமா என்று அம்மா கேட்டார். சேராது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் நீயும் அங்கே இல்லை, நானும் இல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, என் மனசிலும் குத்துகிறது.

பாண்டிராஜ் விஷயமாக நீ பயப்பட வேண்டாம். அம்மா கிறிஸ்தவரானால் தாழ்த்தப்பட்டவருக்கான சலுகை அவருக்குத்தான் போகும், மகனுடைய சாதிச் சான்றிதழ் போகாது. எங்கள் சங்கத்து வக்கீலிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவனும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறான்.

நான் புறப்படும்போது அம்மா ஒன்று கேட்டார். மைனர் இல்லாதவருக்கு என்ன பெயர்? மேஜர் என்றேன். பட்டாளத்தில் அல்லவா அப்படி இருப்பார்கள் என்று யோசித்துவிட்டு, என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டார். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. வெகுநேரம் குனிந்து எழுதிவிட்டு, மேலே இருக்கிற இடம் உனக்கு, நீ நிரப்பி அனுப்பு என்று என்னிடம் நீட்டினார். அந்தத் தாள்தான் இது.

கலெக்டருக்கு எழுத வேண்டியதை நான் எழுதிக்கொடுப்பேன். என்ன வந்தாலும் கூட நிற்பேன். ஆனால் உன் இடத்தில் என்னால் நிற்க முடியாது. கோபமிருந்தால் என்னோடு வைத்துக்கொள். அம்மாவிடம் வரும்போது மகளாக மட்டும் வா. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்க வேண்டும்.

என்றும் உன்
சீதாலட்சுமி


மீனா இத நானே எளுதுரேன். கிருஸ்மசுக்கு ஊருக்கு வா. அன்னக்கித்தான் தண்ணில எறங்குரேன். ஒங்கிட்ட கேக்கல. கூப்புடுரேன். கர மேல நீ நிக்கனும்.

இப்படிக்கு
மேசர் ராக்கம்மாள்