காகித முட்டை

பாப்பாவோட அப்பாவுக்கு,

சனி, ஞாயிறு உங்ககூட இருந்துட்டு பாப்பா பத்திரமா வந்து சேர்ந்தா. வகுப்புல தொங்கவிட ஈஸ்டர் முட்டை ஒண்ணு காகிதத்துல செஞ்சு, வர்ணம் அடிச்சுக் கொண்டுவரச் சொல்லியிருந்தாங்க. அதை அங்கேயே முடிச்சு அனுப்பினதுக்கு நன்றி.

யார் செஞ்சது?

அவளைக் கேட்டா "அப்பாதான்"னு ஒரே சாதிப்பு. என் காதுல பூ சுத்த அவளையும் பழக்கிட்டீங்களா? பரிசுப் பொட்டலம் கட்டச் சொன்னாலே எலி கடிச்ச மாதிரி தாளை வெட்டுற கை உங்களுது. இந்த முட்டையில ஓரத்துல ஒரு பிசிறு இல்லை. மஞ்சள் பட்டை மேல நீலப் புள்ளி வச்சிருக்கு, ஒண்ணுகூட வழியலை. முதல் வர்ணம் காயற வரைக்கும் யாரோ உக்காந்து காத்திருக்காங்க. நீங்களா? டீ ஆறக்கூடப் பொறுக்காத மனுஷன்! அந்த யாரோ ஒரு பொம்பளைதான்னு எனக்குப் புரியாதா? கேக்க எனக்கு உரிமை இல்லைதான். ஆனா என் பொண்ணு அந்த வீட்டுக்கு வந்து போறாளே.

முட்டையை ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். அடியில வரைஞ்சிருந்த புல் முழுக்கப் பழுப்பு.

துணிக்கடையில பழுப்புச் சட்டையைத் தூக்கிக் காட்டி "இந்தப் பச்சை நல்லாயிருக்கா?"ன்னு கேக்குற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

"புல்லு பச்சையா இல்லைன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேடி"ன்னேன்.

"ஆசையா பண்ணாரும்மா"ன்னா.

எவளோ ஒருத்தி செஞ்சிருந்தா திட்டித் தீர்த்துட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன். நாம ஒண்ணா இருந்தப்போ இந்தப் பொறுமையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா