யப்பானிய மெய்யியலாளரை விடமாட்டேன்

04.03.2024, திங்கள்
முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, சீருடையோடேயே பல்கலைக்கழகம் போனேன். என் முதுமாணி ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை திட்டத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஒரு தமிழ்ப் பெண் ஏன் யப்பானிய மெய்யியலாளரைப் பற்றி எழுத வேண்டும்? உங்கள் அகதி வாழ்க்கையை எழுதலாமே."

ஐம்பத்தொரு வயதில் நான் யப்பானிய மொழி படித்தது எதற்கு?

05.03
ஏன் அவர்? அரசை எதிர்த்து எழுதியதற்காக விரிவுரையாளர் வேலையைப் பறித்தார்கள். எழுதத் தடை போட்டார்கள். பிறகு சிறை. 1945இல் யப்பான் சரணடைய ஆறு நாள் இருக்கையில் அங்கேயே இறந்தார். சிந்தனை தொடங்குவது அன்றாட வாழ்க்கையில்தான் என்று வாதிட்டவர். ஒருவரைக் குளிப்பாட்டித் துடைத்துவிடும்போது அது எனக்கு விளங்குகிறது. பேராசிரியைக்கு விளங்குமா?

12.03
கணவர் கிறகோரி காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டே சொன்னார்: "அவ கேக்கிறதைக் குடுத்திட்டுப் பட்டத்தை எடும், றோசலின். ஆருக்கப்பா இந்த யப்பான்காரன்?"

"எனக்கு!"

அவரிடம் இப்படிக் கத்தி வருடங்கள் இருக்கும். என்ரை அண்ணாவை மன்னாரில பிடிச்சுக்கொண்டு போனதை நான் ஏன் இந்தப் பல்கலைக்கழக ஆக்களுக்கு எழுதிக் குடுக்கோணும்? அது என்ரை. எப்ப எழுதிறதெண்டு நான்தான் முடிவெடுப்பன்.

19.03
பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அழித்தேன்.

26.03
என் ஆய்வைப் பற்றி முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட குழு கூப்பிட்டது. தலைப்பை மாற்றாவிட்டால் வழிகாட்ட ஆளில்லையாம்.

"ஒரு வெள்ளைக்கார மாணவரிடம் இதைக் கேட்பீர்களா?" என்றேன்.

குழுவில் ஒருவர், "அது வேறு" என்றார்.

என்ன வேறு? படிப்பிலிருந்து விலகும் படிவத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

02.04
நாங்கள் இருக்கும் மெரிலேண்ட்ஸ் வரும்வரை ரயிலில் அழுகை. பிழை விட்டிட்டனோ?

21.04, ஞாயிறு
தமிழில் தொடங்கிவிட்டேன். கட்டுரை இல்லை, புத்தகம். அந்த மெய்யியலாளருடைய ஒரு வசனத்தைத் தமிழாக்க ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். ஆங்கிலத்தில் எழுதியபோது இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்க்கவில்லை. ஒருவரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை.

09.06, ஞாயிறு
தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கிறகோரி கதிரையை இழுத்துப் போட்டு, மேசையில் கிடந்த என் புத்தகத்தின் முப்பது பக்கத்தையும் எடுத்தார். நான் வாசிக்கச் சொல்லவில்லை. குழம்பு வற்றும்வரை வாசித்தார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"யப்பான்காரனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், சரி. பிறகு மனிசன் என்ன செய்தவர்?"

"இன்னும் எழுதேல்லை."

"அப்ப போய் எழுதும். குழம்பை நான் பாக்கிறன்."