ஏலும் என்று தலையாட்டாதீர்கள், அம்மா

ராகலை,
12.05.2025

அன்புள்ள அம்மா,

எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும். கை வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பள்ளிப் பிள்ளைகளை விடமாட்டார்களாம். அதனால்தான் அப்பாவிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். வாயில் மூச்சுக்கான குழாய் இருந்தாலும் நீங்கள் பென்சிலால் எழுதுகிறீர்களாமே!

ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவிக் கூட்டை நேற்றுத்தான் அகற்றினார்கள், உங்களைக் கொட்டி ஒரு வாரம் கழித்து.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா கொண்டுவந்த ஆராய்ச்சித் தாளை மூன்று முறை வாசித்தேன். குழாயை எடுக்கும் முன் நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்களாம். சிலருக்கு அரை மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம். எது பாதுகாப்பு என்று கண்டறியத்தான் ஆராய்ச்சி. விரும்பாதவர்கள் சேர வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. வாசித்துவிட்டா கையெழுத்து வைத்தீர்கள்?

அன்பு மகள்,
லோஜினி

13.05.2025

அன்பு மகளுக்கு,

டாக்டரம்மா கேட்டாங்க, வச்சேன். நல்லவங்க. குலுக்கல்ல எனக்கு அரை மணி நேரம் விழுந்திருக்கு. நாளைக்குக் குழாயை எடுத்துருவாங்க. நீ பரீட்சைக்குப் படி. அப்பாவுக்கு ரொட்டி சுட்டுக் குடு.

அம்மா

ராகலை,
15.05.2025

அன்புள்ள அம்மா,

நேற்று எடுத்த குழாயை மூன்று மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிட்டார்களாம். அப்பா சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சோதனை செய்யும்போது களைப்பா இருக்கான்னு அம்மாகிட்ட கேட்டாங்களாப்பா?"

"கேட்டாங்க தாயி. இன்னும் தாங்க ஏலுமான்னும் கேட்டாங்க. ஏலும்னு தலையாட்டுச்சு. நெத்தியெல்லாம் வேர்வை."

எனக்கு விளங்கிவிட்டது அம்மா. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், தோட்டத்துக் கண்டாக்கு ஐயா ஏலுமா என்று கேட்டால் காய்ச்சலோடும் "ஏலுங்க" என்பீர்கள். ஏலாது என்றால் அன்றைக்குப் பேர் போடமாட்டார், சம்பளமும் இல்லை. நம் லயத்து வீடுகளில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் டாக்டரம்மாவிடம் பெரட்டு இல்லை. "களைப்பு வந்தால் உடனே தெரிவிக்கவும்" என்று தாளில் இருக்கிறது. அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிறேன். நீங்கள் பொய்யாகத் தலையாட்டினால் ஆராய்ச்சியும் பொய்யாகிவிடும். ஆராய்ச்சி கிடக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

லோஜினி

17.05.2025

மகளுக்கு,

கோட்டைப் பார்த்தேன். இன்னைக்குத் திரும்ப மூச்சுவிடச் சொல்லிப் பார்த்தாங்க. இருபது நிமிசத்துல நெஞ்சு அடைச்சுச்சு. டாக்டரம்மா "ஏலுமா?"ன்னாங்க. தலை தன்னால ஆடப் பார்த்துச்சு. புடிச்சு நிறுத்திட்டு, ஏலாதுன்னு எழுதிக் காட்டினேன். வேலைக்குப் பேர் பதிஞ்ச இருபத்திரண்டு வருசத்துல ஏலாதுன்னு சொன்னது இதான் முதல் தடவை. யாரும் ஏசல. மெசினைத் திரும்ப மாட்டிட்டு, "சொன்னது நல்லது"ன்னாங்க.

அம்மா

ராகலை,
20.05.2025

அன்புள்ள அம்மா,

இன்று மறுபடியும் சோதனை என்று சொல்லிவிட்டு அப்பா விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவருடைய போன் வேலை செய்யவில்லை. கணிதப் பரீட்சையில் மணிக்கூட்டை மட்டும்தான் பார்த்தேன். இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுத்தனுப்புவது என்றுகூடத் தெரியவில்லை.

லோஜினி

21.05.2025

லோஜினிக்கு,

நேத்துப் பகல் குழாயை எடுத்தாங்க. முழு ராத்திரியும் நானே மூச்சு விட்டேன். குரல் வந்திருக்கு, தகரம் உரசுற மாதிரி. வாயால சொல்ல வெட்கமா இருக்கிறதால எழுதுறேன்: எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு புள்ள.

எப்ப வேலைக்கு வருவேன்னு கண்டாக்கு ஆள் அனுப்பிக் கேட்டாராம். இப்ப ஏலாதுன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

அம்மா