ஈஸ்டர் கழிந்தும் திரும்பாத கோபம்

சேசு மரி சூசை துணை

14-6-1956

அன்புள்ள மகன் ராயப்பனுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நாங்கள் கஞ்சிக்குக் குறைவில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பம்பாயில் நீயும் உன்னோடு இருப்பவர்களும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அய்யா மனசு மாறிவிட்டதாகத் தங்கச்சி எழுதியிருக்கிறாளே நிஜமா, ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு நாங்கள் வரலாமா என்று கேட்டிருந்தாய். அடைக்கலமேரி பொன்னமராவதியிலிருந்து வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போனவள், அவளுக்கு என்ன தெரியும், கூடவே கிடந்து பார்க்கிறவள் நான். வா என்று எழுதக் கை வரவில்லை, அதுதான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. நீ அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, நம் கோவிலில் தாலி கட்டாதவன் என் நடையை மிதிக்கக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னதையே மறுபடியும் நீ கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு வாசலில் சொல்லிவிட்டாரானால், அப்புறம் நீ இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாய். எனக்கு இருப்பது ஒரே மகன்.

உன் அய்யா சங்கதி உனக்குத் தெரியாததா. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம் முழுக்கப் பூனை மாதிரி இருப்பார், ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி உண்டு, சிலுவைப்பாதை உண்டு, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்போதே அவரும் கொதிக்கத் தொடங்கிவிடுவார், உப்பில்லை என்று முதல் தட்டு அன்றைக்கே பறக்கும். ஊரில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான், சுருட்டை விட்டவன் சுருட்டை எடுப்பான், சீட்டை விட்டவன் சீட்டை எடுப்பான், இவர் கோபத்தை எடுப்பார். இந்த வருஷமும் நான் தட்டையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு வாழை இலைதான் போட்டேன். மனுஷர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, கொழம்பு நல்லாருக்கு என்றார். நான் அடுப்படிக்குப் போய் உப்பு இருக்கிறதா என்று நானே ருசி பார்த்தேன்.

சரி, நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும் என்று பார்த்தேன், ஐம்பது நாள் கழிந்து பெந்தெகோஸ்தே திருநாளும் போய்விட்டது, கோபத்தைக் காணோம். உடம்புக்கு ஏதாவதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. எனக்குத் தெரியாமல் வயலை யாருக்காவது எழுதிக்கொடுத்துவிட்டு நல்லவர் வேஷம் போடுகிறாரோ என்று கிணற்றுப் பங்காளி வீரய்யாவிடம் போய்க் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு, ஏந்தாயி, மனுசன் நல்லாருந்தா ஒங்களுக்குப் பொறுக்கலையா என்கிறார். விடிகாலைப் பூசைக்குப் போகிறேன் என்று கிளம்பினவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், நிஜமாகவே கோவிலுக்குத்தான் போனார், அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டேன், ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். புதுச் சாமியாரிடமும் போய், ஒரு ஆள் இப்படி ஒரேயடியாக மாறமுடியுமா சாமி என்று கேட்டேன். அதற்கு அவர், அது இருக்கட்டும், நீங்க எப்ப பாவசங்கீர்த்தனத்துக்கு வாரீங்க என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கடைசியாக ஒன்று செய்து பார்த்துவிடுவது என்று, போன சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, ராயப்பன் திருநாளுக்கு வரணும்கிறான், சலோமியையும் கூட்டிக்கிட்டு என்று சொன்னேன். இந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலில் சொன்னேன். முகம் செக்கச்செவேலென்று ஆனது. பக்கத்திலிருந்த தண்ணிச் செம்பு பறந்து சுவரில் பட்டு ஒடுக்கு விழுந்து உருண்டது, கை கழுவாமல் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது, நான் நினைத்தது சரி, எல்லாம் வேஷம் என்று. அப்புறம் உன்னை நினைத்து அழுகை வந்தது, உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் எறிந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்தது நான்தான், அவர் குனிந்து பார்த்ததில்லை. அன்றைக்கு அவரே குனிந்து செம்பை எடுத்தார், ஒடுக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தார். போயிருச்சுன்னு நெனச்சியா மதலேனு, எங்கிட்டும் போகல, உள்ளதான் கெடக்கு, நீ சோதிச்சுப் பாக்க வேணாம், தெனம் விடிஞ்சா நானேதான் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றார். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். வருசா வருசம் தபசுல கட்டிப்போட்டு ஈஸ்டருக்கு அவுத்துவிட்டுக்கிட்டு இருந்தேன், இந்த வருசம் அவுத்துவிட வெக்கமா இருந்துச்சு, அம்புட்டுத்தான், சாகுற வரைக்கும் கட்டித்தான் வைக்கணும் போல என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டார்.

ராயப்பா, சாந்தமாக இருந்த மாதமெல்லாம் நான் அவரை நம்பவில்லை, செம்பை எறிந்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் நம்பினேன். ஆகையால் வா. முகத்தைக் கண்டதும் ஒரு கடுப்புக் காட்டினாலும் காட்டுவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடாதே, கொஞ்சம் பொறு, அவர் போய்விட்டு வந்துவிடுவார். தாலி விஷயத்தைச் சாமியாரிடம் பேசிக்கொள்ளலாம், வந்ததும் வராததுமாக வீட்டில் எடுக்காதே. உனக்கும் அவர் ரத்தம்தான், அதையும் பார்த்துக்கொள். அங்கே மழை பிடித்திருக்கும், நனையாதே, சலோமியையும் நனைய விடாதே. என்றைக்கு ரயிலேறுகிறாய் என்று மறக்காமல் முன்கூட்டியே எழுது. உங்கள் இருவரையும் காவல் சம்மனசுகள் வழிநெடுகப் பத்திரமாகக் கூட்டி வரட்டும், உங்கள் தலைமேல் என் கை எப்போதும் இருக்கும். யாருக்கு எழுதுறே என்று இப்போதுதான் கேட்டார், சொன்னேன். எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்து வந்து, அந்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒடுக்கு எடுக்கிறார். எதற்கு இப்போது என்றேன். அவங்கூட வர்ற புள்ளைக்கு இதுலதானே தண்ணி குடுக்கணும் என்கிறார்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
மதலேன்